ஒருவழிப் பயணச் சீட்டு

பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த நம் போன்ற குடும்பங்களுக்கு ரயில் வண்டியின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நம்மை இவ்வூரில் கொணர்ந்து சேர்த்ததும் அதுவே. கோடை விடுமுறையில் குழந்தைகளைத் தாத்தா பாட்டியிடம் கொண்டு சேர்ப்பதும் அதுவே. திரும்பி வருகையில் ஊறுகாய் ஜாடியையும் அப்பளக் கட்டையும் நம்மோடு சுமந்து வருவதும் அதுவே. ரயில் என்றவுடன் நம் மனத்தில் எழுவன ஊரின் நினைவும் உற்றாரின் முகமுமேயாம். ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் பணி புரியும் நமக்கோ அது நாள்தோறும் சோறு போடும் தொழிலுமாகும்.

அத்தகைய ரயிலைக் கொண்டே, நாம் நன்கறிந்த நேர அட்டவணை, கட்டண விகிதம், வேகன் கணக்கு ஆகியவற்றைக் கொண்டே, சென்ற நூற்றாண்டில் ஐரோப்பாக் கண்டத்தில் லட்சக்கணக்கான மக்கள் கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டனர். ஹிட்லரின் பெயரை நேயர்கள் அனைவரும் அறிவர். நச்சுவாயு அறைகளைப் பற்றியும் கேள்வியுற்றிருப்பர். ஆனால் அம்மக்கள் அவ்வறைகளின் வாயிலுக்கு எவ்வாறு வந்து சேர்ந்தனர், அதற்கான காகிதங்களை யார் எழுதினர், கட்டணத்தை யார் செலுத்தினர் என்பன பலர் அறியாதவை. ஒருவனைக் கொல்வதற்குக் கொடியவன் ஒருவன் போதும். லட்சம் பேரைக் கொல்வதற்கு எழுத்தர்கள் வேண்டும். இவ்வுண்மையை நம் குடும்பத்தினரும், சிறப்பாக அலுவலகங்களில் பணிபுரியும் இளைஞர்களும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதியே இக்கட்டுரையை வரையலானோம்.

முகாம்கள் தோன்றிய வகை

குற்றம் எதுவும் செய்யாத மக்களைத் திரட்டி முள்வேலிக்குள் அடைக்கும் வழக்கம் ஹிட்லர் கண்டுபிடித்ததன்று. 1896-ஆம் ஆண்டு முதல் கியூபாத் தீவில் ஸ்பானிய ஆட்சியாளர் கிராம மக்களை அவ்வாறு அடைத்தனர். போயர் யுத்தத்தின்போது, 1900 முதல் 1902 வரை, தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயர் போயர் குடும்பங்களையும் ஆப்பிரிக்க மக்களையும் தனித்தனி முகாம்களில் அடைத்தனர். பசியாலும் நோயாலும் அங்கே பல்லாயிரவர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள்.

ஜெர்மனியில் 1933 ஜனவரி 30-ஆம் நாள் ஹிட்லர் பிரதம மந்திரியானார். பிப்ரவரி 27-ஆம் நாள் இரவு பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. அதனையே சாக்காகக் கொண்டு, மறுநாளே குடிமக்களின் முக்கிய அடிப்படை உரிமைகள் ஓர் அவசர ஆணையால் நிறுத்தி வைக்கப்பட்டன. நீதிமன்றத்தின் தீர்ப்பின்றி எவரையும் காலவரையறையின்றிச் சிறை வைக்கலாம் என்றாயிற்று. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'பாதுகாப்புக் காவல்' என்பதாகும்! மார்ச் 22-ஆம் நாள் மூனிச் நகரத்தை அடுத்த டாக்காவ் என்னுமிடத்தில், பழைய வெடிமருந்துத் தொழிற்சாலையொன்றில், முதல் பெருமுகாம் திறக்கப்பட்டது. இஃது ஒளித்து மறைத்துச் செய்யப்பட்ட காரியமன்று. நகரப் போலீஸ் தலைவராக இருந்த ஹிம்லர் இதனைப் பத்திரிகைகளுக்கே அறிவித்தார். மக்கள் படித்தனர், பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுத் தத்தம் அலுவல்களுக்குச் சென்றனர்.

முதலில் அடைபட்டோர் கம்யூனிஸ்டுகள், சமூக ஜனநாயகக் கட்சியினர், தொழிற்சங்கத் தலைவர்கள் ஆகியோர். பின்னர்ப் பாதிரிமார்களும், ஆட்சிக்கு உடன்படாத பிறரும் அடைக்கப்பட்டனர். 1936-இல் சாக்சன்ஹவுசன், 1937-இல் பூக்கன்வால்ட், 1938-இல் ஆஸ்திரியாவில் மவுட்ஹவுசன், 1939-இல் பெண்களுக்கென ராவன்ஸ்புருக் என முகாம்கள் பெருகின. கடும் உழைப்பு, அரைப்பட்டினி, அடி, உதை, தூக்கு ஆகிய இவையே அங்கே அன்றாட வாழ்க்கை. 12 ஆண்டுகளில் டாக்காவில் மட்டும் 40,000-க்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர்.

அவர்களுள் நம் நாட்டு வழித்தோன்றல் ஒருவரும் உண்டு. மைசூர்ப் புலி திப்பு சுல்தானின் மரபில் வந்த நூர் இனாயத் கான் என்னும் பெண்மணி, பாரிஸ் நகரில் ஆங்கிலேயருக்காக இரகசிய வானொலிச் செய்தி அனுப்பும் பணியில் ஈடுபட்டுப் பிடிபட்டார். 1944 செப்டம்பர் 13-ஆம் நாள் டாக்காவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 30.

ஏட்டில் எழுதப்பட்ட பெயர்கள்

1933-இல் ஜெர்மனியில் வாழ்ந்த யூதர் ஏறத்தாழ 5 லட்சம் பேர். நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்குக்கூட இல்லை. பல தலைமுறைகளாக அந்நாட்டிலேயே பிறந்து, அந்நாட்டு மொழியே பேசி, முதல் உலக யுத்தத்தில் அந்நாட்டுக்காகப் போரிட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். இவர்களை எடுத்த எடுப்பிலேயே எவரும் கொன்றுவிடவில்லை. முதலில் ஏட்டில் தனியாக எழுதினர்.

1933 ஏப்ரலில் அரசாங்க வேலையிலிருந்து நீக்கினர். 1935-இல் நூரம்பெர்க் சட்டங்களால் சமகுடிமை உரிமையைப் பறித்தனர். 1938-இல் கடவுச்சீட்டில் 'ஜே' என்னும் சிவப்பெழுத்தை அச்சிட்டனர். 1939 முதல் ஆண் ஒவ்வொருவனும் தன் பெயருடன் 'இஸ்ரேல்' என்றும், பெண் ஒவ்வொருத்தியும் 'சாரா' என்றும் சேர்த்தெழுத வேண்டும் எனக் கட்டளையிட்டனர். 1941 செப்டம்பரில் ஆடையின்மீது மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ளச் செய்தனர். இடையே 1938 நவம்பரில் ஒரே இரவில் வழிபாட்டுக் கூடங்களும் கடைகளும் சூறையாடப்பட்டன. சுமார் 30,000 யூத ஆடவர் முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

1941 நவம்பர் 25-ஆம் நாள் பிறந்த சட்டம் இவை எல்லாவற்றிலும் நுட்பமானது. ஜெர்மானிய எல்லையைக் கடந்து வெளிநாட்டில் குடியிருக்கும் யூதர் குடியுரிமையை இழப்பர்; அவர்தம் உடைமை அரசாங்கத்தைச் சாரும் என்று அச்சட்டம் கூறிற்று. அவர்கள் தாமாக எல்லை கடந்தனரா, பிறரால் கடத்தப்பட்டனரா என்ற வேறுபாடு அதில் இல்லை. அஃதாவது, ரயில் வண்டி எல்லைக் கோட்டைத் தாண்டிய கணத்திலேயே வண்டியிலிருந்தவரின் வீடும் நாற்காலியும் வங்கிக் கணக்கும் அரசாங்கச் சொத்தாகிவிடும். சட்டமும் தண்டவாளமும் இவ்வாறு கைகோத்துக்கொண்டன.

கொலைக்கெனவே கட்டப்பட்டவை

வதை முகாம் வேறு, கொலை முகாம் வேறு. வதை முகாமில் மனிதனை அடைத்து வைத்து, வேலை வாங்கி, மெல்ல மெல்லச் சாகடிப்பர். கொலை முகாமில் வந்தவரை அன்றைக்கே கொன்றுவிடுவர். தங்குவதற்குக் கொட்டகையும் தேவைப்படாது.

1941 ஜூன் 22-ஆம் நாள் ஜெர்மானியப் படை சோவியத் நாட்டினுள் புகுந்தது. படையின் பின்னே சென்ற கொலைக் குழுக்கள் ஊர் ஊராக யூதர்களைச் சுட்டுக் குழிகளில் தள்ளின. கீவ் நகரத்தை அடுத்த பாபி யார் பள்ளத்தாக்கில் செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாட்களில் 33,771 பேரைக் கொன்றதாக அவர்களே அறிக்கை எழுதினர். கடைசி ஒற்றை எண் வரை கணக்கிட்டிருப்பதை நேயர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

1941 டிசம்பரில் போலந்து நாட்டு ஹெல்ம்னோவில் மூடிய மோட்டார் வண்டிகளுக்குள் புகையைச் செலுத்திக் கொல்லும் முறை தொடங்கிற்று. 1942 ஜனவரி 20-ஆம் நாள் பெர்லின் நகரின் வான்சே ஏரிக்கரையிலுள்ள அழகிய மாளிகையொன்றில் 15 உயர் அதிகாரிகள் கூடி, ஐரோப்பிய யூதர் அனைவரையும் அழிக்கும் பணியில் எந்தெந்த இலாகா என்னென்ன செய்வது என ஒழுங்கு செய்துகொண்டனர். கூட்ட நடவடிக்கையைக் குறிப்பெடுக்கும் பொறுப்பை ஏற்றவர் அடால்ஃப் ஐக்மன். அவ்வாண்டிலேயே பெல்ஸெக், சோபிபோர், டிரெப்ளிங்கா என்னும் மூன்று கொலை முகாம்கள் போலந்தில் இயங்கத் தொடங்கின. மூன்றும் சிற்றூர்களை ஒட்டி, மரங்களின் மறைவில், ரயில் பாதையின் அருகே அமைந்தவை. வந்திறங்கியோரில் மிகப் பெரும்பாலோர் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் உயிரிழந்தனர். இம்மூன்றிலும் மாண்டோர் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்.

அவுஷ்விட்ஸ் முகாம் வதைக்கும் கொலைக்கும் ஒருங்கே இடமாயிற்று. பல ரயில் பாதைகள் கூடும் சந்திப்பாக இருந்தமையும் அவ்விடத்தை அவர்கள் தேர்ந்தெடுத்த காரணங்களுள் ஒன்று. அங்கே மாண்டோர் சுமார் 11 லட்சம் பேர். அவர்களுள் ஏறத்தாழ 10 லட்சம் பேர் யூதர். 1944 மே 15 முதல் ஜூலை 9 வரை எட்டே வாரங்களில் ஹங்கேரி நாட்டிலிருந்து 147 ரயில்களில் 4,37,000-க்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டனர். பெரும்பாலோர் அவுஷ்விட்ஸில் இறக்கப்பட்டனர். அதற்காகவே தண்டவாளம் முகாமின் வாயிலைக் கடந்து உள்ளே நீட்டப்பட்டது.

அங்கே கொல்லப்பட்டோரில் ரோமா எனப்படும் நாடோடி இனத்தவர் சுமார் 21,000 பேரும் அடங்குவர். இவர்களின் முன்னோர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கே சென்றவர்கள். இன்றும் இரண்டு என்பதை 'துய்' என்றும், ஐந்து என்பதைப் 'பஞ்ச்' என்றும் கூறுவர். நம் மண்ணிலிருந்து பெயர்ந்து சென்ற ஒரு கூட்டத்தின் வழிவந்தோர் அத்தனை தொலைவிலும் வேற்றாராகவே எண்ணப்பட்டு அழிந்தனர் என்பதை, ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நாம் எண்ணிப் பார்க்காதிருக்க இயலவில்லை.

கட்டண விவரம்

இனி, நமக்குப் பழக்கமான கணக்குக்கு வருவோம். ஜெர்மானிய அரசாங்க ரயில்வேயின் பெயர் ரைஷ்பான். யுத்த காலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர் அதில் பணியாற்றினர். யூதர்களைக் கொண்டு செல்வதற்கு அந்நிர்வாகம் இலவசமாக வண்டி தரவில்லை. உல்லாசப் பயணக் குழுவுக்குத் தருவது போலவே கட்டணம் பெற்றுக்கொண்டு 'ஸ்பெஷல்' வண்டி விட்டது.

கட்டண விகிதம் வருமாறு: மூன்றாம் வகுப்பு, ஒருவழி, ஆள் ஒன்றுக்குக் கிலோமீட்டருக்கு 4 பெனிக். 10 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரைக் கட்டணம். 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கட்டணமில்லை. 400 பேருக்குக் குறையாத கூட்டமாயின் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. காவலுக்குச் செல்வோருக்கு மட்டும் திரும்பி வரவும் சீட்டு உண்டு.

நம் நாட்டிலும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ரயில் கட்டணம் கிடையாது; கைக்குழந்தையுடன் ஊருக்குச் செல்லும் தாய்மாருக்கு அச்சலுகையின் நன்மை தெரியும். அங்கோ, இலவசமாகச் சென்ற அக்குழந்தைகளே வண்டியிலிருந்து இறங்கியதும் முதலில் சாவுக்கு அனுப்பப்பட்டனர். வேலை செய்யும் வலிமை அவர்களுக்கு இல்லையன்றோ!

இவ்விகிதப்படி நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 500 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒருவரின் முழுக் கட்டணம் 20 மார்க்; தள்ளுபடி போக 10 மார்க். ஆயிரம் பேர் செல்லும் வண்டிக்கு 10,000 மார்க். இத்தொகைக்கான பட்டியலை ரயில்வே இலாகா போலீஸ் இலாகாவுக்கு அனுப்பிற்று. போலீஸ் இலாகாவோ யூதரிடமிருந்து பறித்த பொருளைக் கொண்டு அதனைச் செலுத்திற்று. கொல்லப்படுவோர் கொலைக்களத்துக்குச் செல்லும் கூலியையும் தாமே கொடுத்தனர் என்பது இதன் பொருள். கட்டணம் பயணிகளுக்குரியது, போலந்திலிருந்து சென்றோருக்குக் கிடைத்த வண்டியோ சரக்கு வேகன். வேகன் ஒன்றுக்கு 80, 100 பேர் எனத் திணிக்கப்பட்டனர். குடிநீர் இல்லை, மலசலம் கழிக்க மூலையில் ஒரு வாளி. இராணுவ வண்டிகளுக்கு வழிவிட்டு மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில், சைடிங்குகளில் நின்றுகொண்டிருக்கையிலேயே பலர் மூச்சுத் திணறி மாண்டனர்.

நிறை வண்டியும் வெற்று வண்டியும்

ரவுல் ஹில்பெர்க் என்னும் வரலாற்றாசிரியர் இந்த ரயில்வேக் காகிதங்களைத் தேடித் தேடி ஆராய்ந்தவர். வியன்னா நகரில் பிறந்து, சிறுவனாயிருந்தபோதே குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா சென்றவர் அவர். 1942-ஆம் ஆண்டின் 587-ஆம் எண் நேர அட்டவணை ஆணையை அவர் விளக்கிக் காட்டியுள்ளார். போலந்தின் சிற்றூர்களிலிருந்து டிரெப்ளிங்காவுக்குச் செல்லும் வண்டிகளின் புறப்பாடும் வருகையும் அதில் மணி, நிமிடத்தோடு காணப்படுகின்றன. டிரெப்ளிங்காவை அடையும் வண்டி நிறை வண்டி. அங்கிருந்து புறப்படும் வண்டி வெற்று வண்டி. மீண்டும் நிறை, மீண்டும் வெற்று. அந்த ஆணையின் மீது 'இரகசியம்' என்னும் முத்திரைகூட இல்லை. 'அலுவலக உபயோகத்துக்கு மட்டும்' என்றே உள்ளது. வழியிலுள்ள நிலையங்கள் அனைத்துக்கும் அது தெரிந்தாக வேண்டும். இல்லையேல் வண்டி ஓடாது.

ரயில்வேயில் ஒரு மாதம் வேலை பார்த்தவரும் இதனைப் புரிந்துகொள்வர். ஒரு சிற்றூர் நிலையத்துக்கு நாள்தோறும் ஐயாயிரம் பேர் வருகின்றனர், ஒருவர்கூடத் திரும்புவதில்லை. அவ்வூரில் வீடுகள் பெருகவில்லை. உணவுத் தானியமும் வந்து இறங்கவில்லை. எனின் வந்தோர் எங்கே? இக்கேள்வி அட்டவணை எழுதியவரின் மனத்தில் எழாதிருந்திருக்குமா?

1942 ஜூலை 22-ஆம் நாள் முதல் வார்சா நகரத்து யூதரை டிரெப்ளிங்காவுக்கு அனுப்பும் பணி தொடங்கிற்று. வண்டிகள் போதவில்லை என்று ஹிம்லரின் அலுவலகம் முறையிட்டது. ரைஷ்பானின் துணைத் தலைமை இயக்குநர் ஆல்பர்ட் கான்ஸன்முல்லர் ஜூலை 28-ஆம் நாள் அதற்கு மறுமொழி எழுதினார். வார்சாவிலிருந்து நாள்தோறும் 5,000 யூதருடன் ஒரு வண்டி டிரெப்ளிங்காவுக்கும், வாரம் இருமுறை பிஷெமிஷிலிருந்து 5,000 பேருடன் ஒரு வண்டி பெல்ஸெக்குக்கும் செல்வதாக அக்கடிதம் தெரிவித்தது. ஹிம்லரின் உதவியாளர் கார்ல் வோல்ஃப் தம் மகிழ்ச்சியையும் நன்றியையும் தெரிவித்து மறுகடிதம் வரைந்தார். வணிகர் இருவர் சரக்கு அனுப்புவது குறித்து எழுதிக்கொள்ளும் கடிதங்களுக்கும் இவற்றுக்கும் நடையில் வேறுபாடு காண்பது அரிது. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் வார்சாவிலிருந்து இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டுவிட்டனர்.

அவ்வாண்டு டிசம்பர் மத்தியில் இராணுவத்தின் தேவை மிகுந்தமையால் இத்தகைய வண்டிகள் சில வாரங்கள் நிறுத்தப்பட்டன. 1943 ஜனவரியில் ஹிம்லர், கான்ஸன்முல்லருக்குத் தாமே கடிதம் எழுதி, மேலும் ரயில்கள் கொடுத்து உதவுமாறு வேண்டினார். ஐரோப்பாவையே நடுங்கச் செய்த ஹிம்லர் ஓர் அலுவலரிடம் வண்டி கேட்டுக் கைநீட்டி நின்றார்! ரயில்வேயின் ஒத்துழைப்பு இல்லையேல் அக்கொலைத் தொழில் எவ்வளவு தடுமாறியிருக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பொய்க் கடிகாரம்

டிரெப்ளிங்கா நிலையத்திலிருந்து முகாம் சுமார் 4 கிலோமீட்டர் தொலைவு. முகாமின் சைடிங்கில் ஒரே சமயத்தில் 20 வேகன்களே நிற்க இயலும். ஆகவே 60 வேகன் கொண்ட வண்டி மூன்று துண்டாகப் பிரிக்கப்பட்டு, என்ஜின் பின்னிருந்து தள்ள, உள்ளே அனுப்பப்பட்டது. எஞ்சிய வேகன்களிலிருந்தோர் தண்ணீர் கேட்டுக் கதறியவாறு நிலையத்திலேயே காத்துக் கிடந்தனர்.

முகாமினுள்ளே வந்திறங்குவோர் ஐயுறாதிருக்கும் பொருட்டு, ஒரு கொட்டகையைச் சாதாரண ரயில் நிலையம் போல அலங்கரித்தனர். பயணச்சீட்டு வழங்கும் சன்னல், வார்சாவுக்கும் பியாலிஸ்டாக்குக்கும் வண்டி மாறும் வழியைக் காட்டும் பலகைகள், கால அட்டவணை ஆகியன யாவும் இருந்தன. சுவரில் ஒரு கடிகாரமும் இருந்தது. அதன் முட்கள் வர்ணத்தால் வரையப்பட்டவை; அவை ஒருநாளும் நகர்ந்ததில்லை. ரயில் நிலையத்தில் மக்கள் நம்புவன கடிகாரமும் சீட்டுச் சன்னலுமே என்பதைக் கொலையாளிகள் நன்கறிந்திருந்தனர். அந்நம்பிக்கையையே தூண்டிலாக்கினர்.

எண்ணிக்கை வைத்த ஊழியர்

அதே டிரெப்ளிங்கா நிலையத்தில், உண்மையான நிலையத்தில், பிரான்சிஷெக் ஸாம்பெட்ஸ்கி என்னும் போலந்து நாட்டவர் வண்டிகளின் போக்குவரத்தைக் கவனிக்கும் பணியில் இருந்தார். அவர் போலந்து விடுதலைப் படையின் இரகசிய உறுப்பினர். இராணுவ வண்டிகளைக் கவனித்துத் தகவல் அனுப்பி வந்த அவர் கண்முன்னே இந்த வண்டிகள் வரலாயின. வேகன் ஒவ்வொன்றின் மீதும் உள்ளிருப்போர் எத்தனை பேர் என்பது சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருக்கும். அவர் எண்ணினார், குறித்துக்கொண்டார், தம் இயக்கத்துக்குச் செய்தி அனுப்பினார். 1944-இல் ஜெர்மானியர் பின்வாங்குகையில் நிலையத்துக் காகிதங்களை அழிக்கத் தொடங்கினர். அவற்றுள் சிலவற்றை அவர் உயிரைப் பணயம் வைத்து மறைத்துக் காத்தார். யுத்தத்துக்குப் பின் டிரெப்ளிங்கா அதிகாரிகள்மீது மேற்கு ஜெர்மனியில் வழக்கு நடந்தபோது அவர் நேரில் சென்று சாட்சியம் அளித்தார்.

முகாமையோ ஜெர்மானியர் சுவடின்றி இடித்து, நிலத்தை உழுது, விதை விதைத்து, பண்ணை வீடொன்றும் கட்டிவிட்டனர். 1943 ஆகஸ்ட் 2-ஆம் நாள் கைதிகள் கிளர்ந்தெழுந்து தீ வைத்துத் தப்பியோடியிராவிடில், அங்கே நடந்ததைக் கூற ஒருசிலரேனும் மிஞ்சியிருப்பது அரிதாயிருக்கும். அந்நிலையில் ஒரு நிலைய ஊழியரின் குறிப்பும், சில ரயில்வேக் காகிதங்களும் சாட்சிகளாயின. கான்ஸன்முல்லரும் ரயில்வேக்காரர், ஸாம்பெட்ஸ்கியும் ரயில்வேக்காரர். இருவர் மேசையிலும் இருந்தவை காகிதமும் எழுதுகோலுமே. கொல்லப்பட்டோருக்காக எழுதியவர் யார், கொன்றவருக்காக எழுதியவர் யார் என்பதே வேறுபாடு.

ஒரு சிவப்பு விளக்கு

1943 ஏப்ரல் 19-ஆம் நாள் இரவு, பெல்ஜியம் நாட்டின் மெகெலன் முகாமிலிருந்து 1,600-க்கும் மேற்பட்ட யூதருடன் ஒரு வண்டி அவுஷ்விட்ஸ் நோக்கிப் புறப்பட்டது. யூரா லிவ்ஷிட்ஸ், ழான் ஃபிராங்கல்மோன், ராபர்ட் மேஸ்திரியோ என்னும் மூன்று இளைஞர் அதனை வழியில் நிறுத்தத் துணிந்தனர். அவர்களிடம் இருந்தவை ஒரு கைத்துப்பாக்கி, கம்பி வெட்டும் சில கருவிகள், சிவப்புக் காகிதம் சுற்றிய லாந்தர் விளக்கு ஒன்று ஆகியவையே. விளக்கைத் தண்டவாளத்தின் நடுவே வைத்தனர். சிவப்பைக் கண்டால் வண்டியை நிறுத்துவது உலகெங்குமுள்ள டிரைவர்களின் தருமம். வண்டி நின்றது. காவலர் சுட்டுக்கொண்டிருக்கையிலேயே மேஸ்திரியோ ஒரு வேகனின் கதவைத் திறந்து 17 பேரை விடுவித்தார். வண்டி மீண்டும் நகர்ந்த பின்னும், எல்லையை அடைவதற்குள், உள்ளிருந்தோர் பலர் தாமே வழி உண்டாக்கிக் குதித்தனர். ஆக 200-க்கும் மேற்பட்டோர் தப்பினர். அவர்களுள் சிலர் சுடப்பட்டனர், பலர் மீண்டும் பிடிபட்டனர் என்றாலும் 100-க்கும் மேற்பட்டோர் பிழைத்தனர். யூரா லிவ்ஷிட்ஸ் பின்னர்ப் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்.

நெதர்லாந்தில் வேறு விதம். அங்கிருந்து ஏறத்தாழ 1,07,000 யூதர் ரயிலில் அனுப்பப்பட்டனர். சுமார் 5,000 பேரே திரும்பினர். நாட்குறிப்பால் உலகறிந்த சிறுமி ஆனி ஃபிராங்க் 1944 செப்டம்பர் 3-ஆம் நாள் வெஸ்டர்போர்க்கிலிருந்து அவுஷ்விட்ஸுக்குப் புறப்பட்ட வண்டியில் ஏற்றப்பட்டாள். அதற்கு இரு வாரங்களுக்குப் பின், செப்டம்பர் 17-ஆம் நாள், லண்டனிலிருந்த தம் அரசாங்கத்தின் அழைப்பை ஏற்று டச்சு ரயில்வே ஊழியர் பெரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நேச நாட்டுப் படைகளுக்கு உதவும் பொருட்டு நடந்த அந்த வேலைநிறுத்தம் வீரம் மிக்கதே. ஆனால் யூதரை ஏற்றிய வண்டிகள் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டன.

கணக்குத் தீர்ந்ததா?

1945 ஜனவரி 27-ஆம் நாள் சோவியத் படையினர் அவுஷ்விட்ஸை அடைந்தபோது சுமார் 7,000 பேர் நடமாட மாட்டாத நிலையில் கிடந்தனர். கிடங்குகளில் பெண்களின் தலைமயிர் மட்டும் 7 டன் இருந்தது. அந்நாளையே 2006 முதல் ஐக்கிய நாடுகள் சபை நினைவு நாளாக அனுசரித்து வருகிறது. மொத்தத்தில் யூதர் மட்டும் சுமார் 60 லட்சம் பேர் கொல்லப்பட்டனர்.

ஐக்மன் 1960-இல் அர்ஜென்டினாவில் பிடிபட்டு, ஜெருசலேம் நகரில் விசாரிக்கப்பட்டு, 1962-இல் தூக்கிலிடப்பட்டார். தாம் எவரையும் தம் கையால் கொன்றதில்லை என்றும், மேலிடத்து ஆணைப்படி போக்குவரத்தை ஒழுங்கு செய்ததே தம் பணி என்றும் அவர் வாதாடினார். கான்ஸன்முல்லரும் அர்ஜென்டினாவுக்கு ஓடியவரே. 1955-இல் ஜெர்மனிக்குத் திரும்பித் தனியார் தொழிற்சாலையொன்றில் போக்குவரத்து அலுவலரானார். 1973-இல் அவர்மீது வழக்குத் தொடங்கிற்று. சில நாட்களிலேயே இருதய நோயைக் காட்டி அது நிறுத்தப்பட்டது. தண்டனை ஏதுமின்றி 1996 வரை வாழ்ந்தார். டச்சு ரயில்வே 2005-இல் மன்னிப்புக் கோரி, 2019-இல் நஷ்டஈடு வழங்க முன்வந்தது. பிழைத்திருந்தோர் அப்போது எத்தனை பேர்?

பெர்லின் நகரின் கிரூனவால்ட் நிலையத்தில் 17-ஆம் எண் தண்டவாளத்தில் இப்போது எந்த வண்டியும் புறப்படுவதில்லை. 1998-இல் ஜெர்மானிய ரயில்வே அதனை நினைவிடமாக்கியது. நடைமேடையின் ஓரத்தில் 186 எஃகுப் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் உள்ளவை தேதி, யூதர்களின் எண்ணிக்கை, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம் ஆகியன. வேறொரு சொல்லும் இல்லை. ரயில்வே ரிஜிஸ்டர் ஒன்று இரும்பில் பொறித்துத் தரையில் கிடத்தப்பட்டது போல அஃது உள்ளது. முதல் வண்டியின் தேதி 1941 அக்டோபர் 18. கடைசித் தேதி 1945 மார்ச் 27. அன்று அனுப்பப்பட்டோர் 18 பேர். யுத்தம் தோற்றுப் பகைவர் படை இரு புறமும் நெருங்கிக்கொண்டிருந்த அந்நாளிலும், 18 பேரை அனுப்புவதற்கு ஓர் அலுவலகம் காகிதம் எழுதியது. அதன் மேல் ஒருவர் கையொப்பமிட்டார்.

நம் காலத்தில் கணினி வந்துவிட்டது. வேகன் எங்கே நிற்கிறது என்பதை நாற்காலியில் அமர்ந்தவாறே அறிகிறோம். எழுத்தரின் வேலை எளிதாகியிருக்கிறது. வேலை எளிதாக எளிதாக, நாம் அனுப்புவது யாது, யாருக்கு, எதற்கு என்னும் எண்ணமும் எளிதில் மறந்துபோகக் கூடும். நம் குழந்தைகள் நாளை அலுவலர்களாகவும் பொறியாளர்களாகவும் வருவார்கள். கணக்கில் பிழையின்றி இருக்க அவர்களுக்குக் கற்பிக்கிறோம். மேலதிகாரிக்குப் பணிந்து நடக்கவும் கற்பிக்கிறோம். காகிதத்தில் எண்ணாக இருப்பது உண்மையில் ஓர் ஆள் என்பதையும் அவர்களுக்குக் கற்பிப்போமாக. எந்த ஊரிலாயினும், எந்த இனத்தாராயினும், ஒரு கூட்டத்தாரின் பெயரைத் தனி ஏட்டில் எழுதத் தொடங்கும்போதே, எழுதுகோலைப் பிடித்திருப்பவன் அதனை நிறுத்தி, 'எதற்காக?' என்று கேட்பானாக. வண்டி புறப்பட்ட பின் கேட்பதில் பயனில்லை.